இடது பக்கம் திருப்பினால் நெருங்கும்

இடது, இடது, இடது. இடது பக்கம் திருப்பினால் நெருங்கும், வலது பக்கம் திருப்பினால் விலகும், இவ்வளவுதானே, இதில் என்ன பெரிய வித்தை, எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லிவிடும் என்று தமயந்தி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுடைய இடது கை லென்ஸ் வளையத்தை அழகாக வலது பக்கம் திருப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. மணைப்பலகையில் உட்கார்ந்திருந்த அம்மா கிட்டே வருவதற்குப் பதிலாகத் தூரப் போனாள். சனியனே, உனக்கு எத்தனை தரம் சொல்றது என்று கையைத் திட்டினாள். கை என்ன செய்யும், பாவம். ஏழு வருஷமாக அவளுடைய சொந்தக் கேமராவில் வலது பக்கம் திருப்பித்தான் ஊர்ப்பட்ட கல்யாணப் பெண்களைப் பக்கத்தில் இழுத்திருக்கிறது. அந்தக் கேமரா இப்போது சர்வீஸ் சென்டரில் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு கிடக்கிறது. போன வாரம் ஒரு சடங்கு வீட்டில் தாய்மாமன் மஞ்சத்தண்ணியைக் குடத்தோடு கவிழ்த்த வேகத்தில் பாதி அந்தப் பெண்ணின் தலையில், மீதி இவள் கேமராவின் தலையில். மாமனுக்குக் கொள்ளைச் சந்தோஷம். கேமரா ஒரு விக்கல் விக்கிவிட்டுக் கண்ணை மூடியதுதான். இன்றைக்குக் கையில் இருப்பது இவளைப் போலவே கல்யாணப் போட்டோ எடுக்கிற பெனடிக்ட் அண்ணனுடையது, வேறு கம்பெனி. கொடுக்கும்போதே அவர் சொன்னார், "எடுத்துட்டுப் போ, ஆனா உன் கை இதுக்கு ஒத்துக்காது தாயி, இவனுங்க எல்லாத்தையும் உல்ட்டாவா வெச்சிருப்பானுங்க" என்று. எல்லாம் கேமராதானே அண்ணே என்று இவள் பெரிய மனுஷி மாதிரி சிரித்துவிட்டு வாங்கி வந்தாள். இப்போது அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிடிப்பதற்கு என்னவோ சுகமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். இவளுடைய கேமராவுக்குச் சின்ன உடம்பு. நடுவிரலும் மோதிரவிரலும் பிடியில் உட்கார்ந்ததும் இடம் முடிந்துவிடும், சுண்டுவிரல் கீழே மடங்கித் தொங்கிக்கொண்டே கிடக்கும். அப்படித் தொங்கியே அதன் ஓரத்தில் காய் காய்த்துப் போயிருக்கிறது. இதில் சுண்டுவிரலுக்கும் இடம் இருந்தது. ஏழு வருஷம் நின்றுகொண்டே பயணம் செய்தவனுக்குத் திடீரென்று ஜன்னலோர சீட் கிடைத்த மாதிரி, அந்த விரல் உட்கார்வதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி உட்கார்ந்தது. ஆனால் பெனடிக்ட் அண்ணன் கை பலாப்பழம் அறுக்கிற கை. அந்தக் கைக்கு வாங்கின பிடி. அதைச் சுற்றிப் பிடித்தால் இவள் ஆள்காட்டி விரல் பட்டனை எட்டுவதற்குள் நாக்கு தள்ளுகிறது. பட்டனைக் குத்தக் கூடாது, பாதி அழுத்தி, மூச்சைப் பிடித்து, மீதியைத் தடவிக் கொடுக்கிற மாதிரி அழுத்த வேண்டும். எட்டி எட்டி அழுத்தினால் எங்கே தடவுவது, குத்துதான் விழும். கட்டைவிரல் வேறு தன் பழைய பொத்தானைத் தேடி ஒரு வெற்றிடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தது. கழுத்துவார் பெனடிக்ட் அண்ணன் உயரத்துக்கு விட்டது, இவளுக்கு இடுப்புக்கும் கீழே தொங்குகிறது. குறைத்துக் கட்டலாம் என்றால் பக்கிள் பிடிவாதமாக வரமாட்டேன் என்றது. சரி, தொங்கு. முழங்கை இரண்டையும் விலாவில் ஒட்டு. இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில். இடது பக்கம். இடது.

முன்கூட்டியே நெருக்கி வைத்துக்கொண்டு நின்றால் என்ன என்று கேட்கலாம். அதையும் ராத்திரியெல்லாம் யோசித்தாயிற்று. தாலியை எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டும்போது சனம் மொத்தமும் தெரிகிற மாதிரி அகலமாக ஒன்று வேண்டும், அந்தக் கை கீழே இறங்கிக் கழுத்துக்குப் போகிறபோது முகம் மட்டும் நெருக்கமாக ஒன்று வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு தும்மல் போடுகிற நேரம்தான். அந்த நெருக்கமானதுதான் முக்கியம். அதைத்தான் அம்மா கேட்டிருந்தாள். லோகநாயகி தன் வாழ்நாளில் மகளிடம் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. துணி எடுத்துத் தருகிறேன் என்றால் இருக்கிறதே போதும் என்பாள். அப்பேர்ப்பட்டவள் பத்து நாளைக்கு முன்னால், சத்துணவுக் கூடத்துக்குப் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தபடியே, தலையை நிமிர்த்தாமல், "எவனையும் போட்டோவுக்குச் சொல்லாதடி. தாலி ஏறுறப்போ என் மூஞ்சிய நீதான் எடுக்கணும். பெருசா போட்டு சுவத்துல மாட்டணும்" என்றாள். சொல்லிவிட்டு வெட்கத்தில் முறத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏன் கேட்கிறாள் என்பது தமயந்திக்குத் தெரியும். அம்மாவின் முதல் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற படம் ஒன்று உண்டு. அதில் அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருத்தருடைய முழங்கை இருக்கும். லைட் பிடித்தவனா, சித்தப்பா வழியில் யாராவதா, கடைசிவரை துப்பு கிடைக்கவில்லை. அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்து, "நான் முழங்கைக்குத்தான் தாலி கட்டினேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. இப்போது ஐம்பத்து மூன்று வயதில் அம்மாவுக்கு முகத்தோடு ஒரு படம் வேண்டியிருக்கிறது. அதைக்கூட எடுத்துத் தரமுடியாவிட்டால் நீ என்னத்துக்குடி கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறாய்?

குருக்கள் ஹோமத்தில் நெய்யை விட்டார். புகை வளைந்து நேராக லென்ஸைத் தேடி வந்தது. புகைக்கு எங்கே போனாலும் போட்டோகிராபர்தான் கிடைப்பார். புகைக்குப் பின்னால் அம்மா. அரக்குப் பட்டு, தலை நிறைய ஜாதிமல்லி, முகத்தில் யாரோ பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு பயம். அம்மா எழுந்து போய்விடுவாளோ? இந்த நினைப்பு விடிந்ததிலிருந்து நாலு தரம் வந்துவிட்டது. இந்த வயசுல என்னடி கூத்து என்று மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டால்? போகமாட்டாள். பஸ் ஸ்டாப்பில்தானே இதெல்லாம் ஆரம்பித்தது. அம்மா தினமும் காலையில் ஏறுகிற டவுன் பஸ்ஸில் மாசிலாமணி கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் போகும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனையில் ஓடி வருவது தெரிந்தால் இரண்டாவது விசில் வராது. பஸ்ஸில் இருப்பவர்கள் "என்னய்யா, ரைட் குடு" என்று கத்துவார்கள், அவர் காது கேட்காதவர் மாதிரி டிக்கெட்டை நீவிக்கொண்டு நிற்பார். அம்மா ஏறிக் கம்பியைப் பிடித்த பிறகுதான் விசில். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது "ஒண்ணு குடுங்க", "இந்தாங்க" தவிர வேறு இல்லை என்று அம்மா சத்தியம் செய்கிறாள். போன வருஷம் அவர் ரிடையர் ஆனார். மறுநாளே புதுக் கண்டக்டர் இரண்டு விசிலையும் சேர்த்து அடித்துவிட்டார், பஸ் போய்விட்டது. அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, அப்படி ஒரு அழுகை அழுதாள். பஸ் போனதற்கு யாராவது இப்படி அழுவார்களா? தமயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி அம்மா, என்று நினைத்தாள், நினைத்த மறுநிமிஷம் இவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நேரே டெப்போவுக்குப் போய் வீட்டை விசாரித்துக் கதவைத் தட்டினாள். மனுஷர் தனியாளாக ரசம் வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றார். "எனக்குத் தெரியும்மா, அவங்களுக்குத் தெரியுமான்னுதான் எனக்குத் தெரியல" என்றார். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அம்மா இப்போது நிமிர்ந்து நேராக லென்ஸைப் பார்த்தாள். பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். கல்யாணப் பெண் கேட்கிற கேள்வியா இது! கீழே பாரும்மா, கீழே பாரு என்று இவள் ஜாடை காட்டினாள். அம்மா கீழே பார்த்தாள்; பார்த்துவிட்டு மூக்கைச் சொறிந்தாள். வேர்வை ஒரு சொட்டு தமயந்தியின் புருவத்திலிருந்து இறங்கி வ்யூஃபைண்டர் ரப்பரில் நின்றது. துடைக்கக் கையை எடுத்தால் மறுபடி அந்தப் பிடியில் விரல்களை ஒவ்வொன்றாகக் குடியேற்ற வேண்டும், வேண்டாம், இருக்கட்டும். தாம்பாளத்தில் தேங்காய் மேல் தாலி எல்லாரிடமும் போய்க்கொண்டிருந்தது. அம்மா பக்கத்துச் சனம் தூணிலிருந்து தூண்வரை. வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்த அப்பாவின் அக்கா, பெரியத்தைகூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விட அதிகமாக அட்சதையை அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி பக்கம் டெப்போ நண்பர்கள் மட்டும், டிரைவரும் கண்டக்டருமாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், எதையும் பிடிக்காமல் காலை அகட்டி நின்றார்கள். கோயில் மண்டபம் எப்போது பிரேக் போடும் என்று யார் கண்டார்கள். மாப்பிள்ளைக்கோ வாயெல்லாம் பல். அறுபது வயதில் இப்படியும் ஒரு மனுஷன் சிரிப்பானா! அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் கேமரா ஆடும், ஆடக் கூடாது, உதட்டைக் கடித்தாள். சந்தோஷத்தில் கை நடுங்குவதற்கு எந்தக் கம்பெனிக்காரன் என்ன வைத்திருக்கிறான்? தாம்பாளம் திரும்பி வந்துவிட்டது. குருக்கள் தாலியை எடுத்து மாசிலாமணி கையில் கொடுத்தார். அகலம். ஒன்று எடுத்தாள், நன்றாக விழுந்தது, தாலி, கைகள், சனம், எல்லாம். அடுத்தது நெருக்கம். இடது, இடது, இடது. கைக்கும் இந்தத் தடவை புரிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது, மெதுவாக இடப்பக்கம் நகரவும் ஆரம்பித்தது, அம்மா கொஞ்சம் கிட்டே வந்தாள்கூட.

"கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றார் குருக்கள். தவில் இடித்தது. அதோடு, தமயந்தியின் காதுக்குப் பின்னால், டெப்போக்காரர்கள் ஆறேழு பேரும் பையிலிருந்து விசிலை எடுத்து ஒரே மூச்சில் இரண்டு விசில் அடித்தார்கள் பாருங்கள், கோயில் புறாவெல்லாம் எழும்பிவிட்டது. "ரைட், போலாம்!" என்று ஒருத்தர் கத்தினார். இவள் தூக்கிவாரிப் போட்டதில் துள்ளினாள். பதறின கை யோசிக்குமா? பழைய வீட்டுக்கு ஓடுகிற மாதிரி வலது பக்கம் ஓடிவிட்டது, கடைசிவரை ஓடி முட்டிக்கொண்டு நின்றது, விரல் அதே வேகத்தில் பட்டனைக் குத்திவிட்டது. டக்டக்டக் என்று விழுந்தது. திரை மின்னிக் காட்டியது. தூண், மணி, விளக்கு, பறக்கிற புறா, பாதி சனத்தின் பின்தலை, அதற்கு நடுவே எங்கேயோ பொட்டு மாதிரி அம்மா. முதல் முடிச்சு விழுந்தாயிற்று. போச்சு. கழுத்து, கை, முகம், பத்து நாளாகப் படித்த பாடம், எல்லாம் போச்சு. வெட்டிப் பெரிசாக்கினால் ஏதோ தேறும், ஆனால் சுவரில் மாட்டுகிற முகம் அதிலிருந்து வராது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அழுவதற்குக்கூட நேரம் இல்லாத தொழில் இது. இனி இருப்பது இரண்டு முடிச்சு, நாத்தனார் போடுகிற முடிச்சு. அவள் குனிவாள், அவள் தலைதான் தெரியும், அம்மா முகம் அதற்குப் பின்னால் மறைந்து போகும். எந்த நாத்தனார்?

குருக்களும் அதையேதான் கேட்டார். "மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை யாரு? வாங்கோ, வந்து மிச்ச முடிச்சைப் போடுங்கோ." யாரும் வரவில்லை. மாசிலாமணி முதல் முடிச்சை விரலால் அழுத்திப் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒற்றைப் பிள்ளை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம். பத்திரிகை, பந்தி, தேங்காய்ப் பை, ஐஸ்கிரீம் வரைக்கும் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள், இந்த ஒன்றை இரண்டு வீட்டிலும் ஒருத்தரும் நினைக்கவில்லை. நினைப்பதற்கு அங்கே வீடு என்று ஒன்று இருந்தால்தானே. தவில்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார். விசில்காரர்கள் விசிலை வாயில் வைத்தபடி முழித்தார்கள். "தூரத்துச் சொந்தம் யாராச்சும்?" என்றார் குருக்கள். மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எம்பக்கம் பொம்பளையாளு யாருன்னா, அந்தா கேமராவும் கையுமா நிக்குது பாருங்க, அதுதான்" என்றார். "அட, அது பொண்ணு வீட்டு ஆளாச்சே!" என்று பெரியத்தை எழுந்தேவிட்டாள். மாசிலாமணி திரும்பாமலே சொன்னார்: "இருக்கட்டும்க்கா. அங்க இறங்கி இங்க ஏறிக்கட்டும். இங்க எல்லா சீட்டும் காலியாத்தான் கிடக்கு."

தமயந்திக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனாளா, யாராவது தள்ளினார்களா, மணையருகே அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். குனிந்தால் கேமரா முன்னால் ஊசலாடி அம்மா தலையில் இடித்தது. "ஆ!" என்றாள் அம்மா. கழற்ற வேண்டும், யாரிடம் கொடுப்பது, எவரிடமும் இதுவரை கொடுத்ததில்லை, அதுவும் இரவல் சாமான். குருக்கள் கையில் நெய். பெரியத்தை கையில் அட்சதை. "இங்க குடும்மா, நான் சும்மாதானே இருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. நூலின் இரண்டு முனையையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு, மாலையும் கழுத்துமாக, கேமராவை வாங்கிக்கொண்டார். வாங்கின விதம் இருக்கிறதே, டிக்கெட் மெஷின் பிடிக்கிற பிடி, ஒற்றைக் கையில், அந்தரத்தில். "சார், இடது கை அடியில, லென்ஸுக்கு அடியில குடுங்க. முழங்கையை உடம்போட ஒட்டுங்க. ஆள்காட்டி விரல் மேல." "இப்படியா?" "அதேதான். எதையும் திருப்பாதீங்க சார், அழுத்தினாப் போதும்." அவர் திருப்பவில்லை. அவர் கைக்கு இடதும் தெரியாது வலதும் தெரியாது, மறக்க வேண்டியதும் ஒன்றும் இல்லை. அகலமாகவே கிடந்தது லென்ஸ். நெருக்கி வைத்திருந்தால் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு காதுதான் எடுத்திருப்பார்.

அவர் அழுத்தினார். அழுத்தினவர் விரலை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று இவள் சொல்லவில்லையே! டக்டக்டக்டக்டக் என்று கேமரா தன்பாட்டுக்கு ஓடியது. தமயந்தி அந்தச் சத்தத்தை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதே இல்லை. தன்னை யாரோ வெகுநேரமாகக் கூப்பிடுவது போல இருந்தது. ஏழு வருஷம் கேமராவைப் பிடித்த விரல்களுக்கு மஞ்சள் நூல் வழுக்கியது. ஜாதிமல்லி வாசனை, அம்மாவின் பின்கழுத்து வேர்வை, இவ்வளவு கிட்டே அம்மாவைப் பார்த்து எத்தனை நாளாயிற்று, காதோரம் நரை, நரைக்கு மேல் மை பூசின தடம். இரண்டாவது முடிச்சு. இறுக்கு, இறுக்கு. இவள் கன்னம் அம்மா கன்னத்தில் உரசியது. தவில் இரைச்சலில் நடந்தது எதுவும் காதில் விழாத அம்மா, குனிந்த தலை நிமிராமல் கிசுகிசுத்தாள், "ஏண்டி, நீ இங்க நிக்கிற. போட்டோ யாருடி எடுக்கிறது?"

மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டே தமயந்தி அம்மாவின் காதில் சொன்னாள், "உன் வீட்டுக்காரரு."

அம்மா குனிந்த தலை நிமிர, மாலை குலுங்க, ஹோமத்துக்கும் குருக்களுக்கும் முன்னால் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தோடு நேரே கேமராவைப் பார்த்தாள். தோள் குலுங்கினதில் பாதி விழுந்த முடிச்சு அவிழ்ந்துபோனது, அதைத் தமயந்தி முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. மாசிலாமணி இன்னும் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை.